மின்னிசைக் கருவியும் மென்பொருளும்: அம்பாங், கிள்ளான் பள்ளத்தாக்கு

மின்னிசை என்பது மின்சுற்றிலோ கணினியிலோ ஒலியைப் பிறப்பித்து, வெட்டி, அடுக்கி அமைக்கும் இசை. சிந்தசைசர், டிரம் மெஷின், சாம்ப்ளர், கணினி, அதில் ஓடும் மென்பொருள், விரலால் இயக்கும் கட்டைகள், பேடுகள் ஆகியவை இதன் கருவிகள். கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் தமிழ் இசைஞர் இவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது, கடை விலைப்பட்டியலில் இல்லாத சில கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டுச் சுவர், மாலை நேரத்து இடி, உறுமியின் குமுறல், பாடகரின் கமகம் ஆகியவையே அவை. எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது இவற்றுக்குப் பிறகு வரும் கேள்வி.

பின்னணி

அம்பாங் ஈயத்தால் பிறந்த ஊர். 1857ல் இங்கே ஈயம் தோண்டத் தொழிலாளர்கள் வந்ததிலிருந்துதான் கோலாலம்பூரின் கதையும் தொடங்குகிறது. இன்று ஊரின் ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசத்திலும் மறுபகுதி சிலாங்கூரிலும் இருக்கிறது. நடன இசைக்குப் பெயர்பெற்ற சூக் இரவு விடுதி 2004ல் திறக்கப்பட்டது இங்கே செல்லும் ஜாலான் அம்பாங்கில்தான்.

மலேசியத் தமிழ் ராப் இசையைக் கடல்கடந்து கொண்டுபோனது 2006ல் 'யோகி பி & நட்சத்திரா' வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு. யோகி பி அதற்கு முன் 1990களில் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் இருந்தவர். தொகுப்பில் எல்லோரும் அறிந்த 'மடை திறந்து', 1980ல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலின் மறுவடிவம். பழைய பாட்டை எடுத்துப் புதிய தாளத்தில் நிறுத்தும் அந்த வேலைக்கு ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளரும் அவற்றை வரிசைப்படுத்தும் சீக்வென்சரும்தான் கைகொடுப்பவை. ஆகவே இந்த ஊர்த் தமிழருக்கு மின்னிசைக் கருவி அந்நியப் பொருளாக இருந்ததில்லை.

தமிழ்த் திரையிசையில் 1986ன் 'புன்னகை மன்னன்' கணினியைக் கொண்டு இசையமைத்த படமாக அறியப்படுகிறது. ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்த கூடத்திலிருந்து 1992ல் 'ரோஜா'வைத் தந்தார். மும்பையின் சரண்ஜித் சிங் 1982லேயே ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். கிடாருக்குத் துணையாக பேஸ் வாசிக்கவென்று செய்யப்பட்ட டிபி-303, அந்த வேலையில் எடுபடாமல் விற்பனையிலிருந்து போன கருவி. அதே பெட்டியிலிருந்து சிகாகோ இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற இசையைக் கண்டுபிடித்துத் தட்டாக்கியது 1987ல். சிங் அதற்கு ஐந்தாண்டு முந்தியவர். ராகத்தின் ஸ்வரவரிசையை எந்திரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற தெளிவு அவரிடம் இருந்தது. கருவி அதற்குப் பின்னால் வந்தது.

அறையும் காதும்

இங்கே வீட்டில் இசை அமைப்பவரின் கூடம் படுக்கையறைதான். முதல் பணத்தைச் சிந்தசைசருக்கு அள்ளிக் கொடுப்பது வழக்கமான பிழை. முதலில் நல்ல ஹெட்ஃபோன், அடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸ், பிறகுதான் மற்றவை. காரணம் அறையிலேயே இருக்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள அறையில் 57 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிலையலையாக நிற்கும். சுவரோரம் உட்கார்ந்தால் அது வீங்கிக் கேட்கும், நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். மின்னிசையின் பேஸ் ஒலி நடமாடுவதும் ஏறக்குறைய அதே இடத்தில். அறையின் நடுவே உட்கார்ந்து 'பேஸ் போதவில்லை' என்று கூட்டிக்கொண்டே போனவரின் பாட்டு, மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரில் சுவரை அதிரவைக்கும். தெரஸ் வீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: உயரொலியைப் பொதுச்சுவர் தடுத்துவிடும், பேஸ் மட்டும் அப்படியே அடுத்த வீட்டுக்குப் போகும். இரவில் வேலை செய்பவருக்கு ஹெட்ஃபோன் கட்டாயம் என்பது இதனால்தான். கலவை முடிந்ததும் அதை ஒருமுறை காரில் போட்டுக் கேட்பது நல்லது. தமிழ் வானொலிகளான மின்னல் எஃப்எம்மையும் ராகாவையும் கேட்கும் பலர் ஜாலான் அம்பாங் நெரிசலில் காருக்குள் இருந்தபடிதான் கேட்கிறார்கள்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பி, கணினியின் ஒலியை வெளியே கொண்டுவரும் பெட்டி. தனியாகப் பாடிப் பதிபவருக்கு இரண்டு மைக் வழிகள் போதும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்னூட்டம் தருமா என்று மட்டும் பார்க்க வேண்டும். இதன் முக்கியமான குணம் தாமதம். விரல் கட்டையைத் தொட்டதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் உள்ள இடைவெளி அது. ஒலியைக் கணினி சிறு தொகுதியாகத் தேக்கும் இடம் பஃபர்; 44,100 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் கொண்ட பஃபர் 5.8 மில்லிசெகண்ட் எடுக்கும். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும், ஆகவே அது இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் மேளக்காரரைக் கேட்பதற்குச் சமம். பஃபரை 1024 ஆக்கினால் 23 மில்லிசெகண்ட், அதாவது எட்டு மீட்டர் தூரம். அந்த இடைவெளியில் பேடு தட்டுபவரின் கை தடுமாறும். பதியும்போது பஃபரைக் குறைத்து, கலவை செய்யும்போது கூட்டுவது வழக்கம்.

உறுமி, நடை, கமகம்

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிக்கு முன்னால் செல்லும் உறுமி மேளம் இந்தப் பள்ளத்தாக்கின் சொந்த ஒலி. அதை மின்னிசைக்குள் கொண்டுவர விரும்புபவர் சாம்ப்ளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் வைக்க வேண்டும். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், தோல் குமுறும். மறுமுகத்தை அடிப்பார்கள். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் அடி மட்டும் விழும், குமுறல் மங்கிவிடும். முகத்துக்கு ஒரு மைக் என்று இரண்டு வைத்துத் தனித்தனி டிராக்கில் பதிவதே முறை. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட்தான், இடத்துக்குக் கஞ்சத்தனம் தேவையில்லை.

குமுறலின் சுருதி தேய்க்கத் தேய்க்க மேலும் கீழும் வழுக்கும். அதைத் துண்டாக்கித் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் உயிர் போய்விடும். எழுவதிலிருந்து அடங்குவது வரை முழு இழுப்பையும் ஒரே சாம்பிளாக வைத்து, அதேபோல ஐந்தாறு இழுப்புகளை ஒரே பேடின் கீழ் அடுக்கி, தட்டும்போது மாறி மாறி வரும்படி அமைக்கலாம். அடுத்த அடி விழுந்ததும் முந்தைய குமுறல் அறுபட வேண்டுமானால் 'சோக் குரூப்' என்ற வசதி வேண்டும். ஹை-ஹேட்டுக்காக உண்டான வசதி உறுமிக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு பேடில் ஒரே ஒரு சாம்பிளை மட்டும் ஏற்கும் மலிவுக் கருவியில் இந்த இரண்டும் கிடைப்பது அரிது.

டிரம் மெஷினின் பதினாறு படிக்கட்டம் நான்கால் வகுபடும் தாளத்துக்கென்று அமைந்தது. காவடிச் சிந்தின் ஊஞ்சல் நடை அதில் உட்காராது. திஸ்ரத்துக்குப் பன்னிரண்டு படி, கண்டத்துக்கு இருபது, மிஸ்ரத்துக்கு இருபத்தெட்டு என்று நீளத்தை மாற்ற முடிகிறதா, அதையும் ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கமகத்துக்கும் இதே அக்கறை தேவை. சாதாரண கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டி வைத்திருக்கிறது. இடப்பக்கச் சக்கரத்தைத் திருப்பினால் ஸ்வரம் வளையும், ஆனால் வழக்கமான அமைப்பில் இரண்டு அரைஸ்வரம் வரைதான். அதைப் பன்னிரண்டாக்கி வைத்தால் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் நீண்ட ஜாரு வரும். மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசும் மிடி நெறியில் இந்த வளைவுக்கு 16,384 படிகள் உண்டு, எனவே வழுக்கல் படிப்படியாக உடைந்து கேட்காது. குறை வேறிடத்தில் இருக்கிறது: சக்கரம் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஆதாரஷட்ஜத்தை நிறுத்தி வைத்து மேலே காந்தாரத்தை மட்டும் அசைக்க முடியாது. 2018ல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறை ஸ்வரத்துக்கு ஒரு சேனல் கொடுத்து இதைத் தீர்க்கிறது. எம்பிஇ கட்டை விலை கூடியது. கர்நாடக அடிப்படையில் வாசிப்பவருக்கு அந்தச் செலவு தகும். தாளத்தை மட்டும் அடுக்குபவருக்கு அது வேண்டியதில்லை.

மிடி 1983ல் வந்தது. ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் அதற்கு வழிவகுத்தவர்கள். இருவருக்கும் 2013ல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. போட்டி நிறுவனங்கள் ஒரே மொழிக்கு ஒத்துக்கொண்டதன் பயனை இன்றும் பழைய பொருள் வாங்குபவர் அனுபவிக்கிறார். ஐந்து ஊசிச் செருகி உள்ள 1980களின் கருவி, சின்னதொரு யுஎஸ்பி இணைப்பு இருந்தால் இன்றைய மடிக்கணினியோடு பேசும்.

மென்பொருள்

பதிவும் அமைப்பும் நடக்கும் மென்பொருளைப் பேச்சில் 'டாவ்' என்பார்கள். எதை எடுத்தாலும் பாட்டு செய்யலாம். வேறுபாடு வேலை செய்யும் பழக்கத்தில்தான். பெல்ஜியத்தின் எஃப்எல் ஸ்டூடியோ, 'ஃபுரூட்டிலூப்ஸ்' என்ற பழைய பெயரிலிருந்தே தாளத்தைக் கட்டங்களில் அடுக்குபவருக்கு இசைவானது. ஒருமுறை வாங்கினால் பின்வரும் பதிப்புகளுக்கு மீண்டும் பணம் கேட்பதில்லை. அதன் சோதனைப் பதிப்பில் சேமித்ததை மறுபடி திறக்க முடியாது என்பதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். 2001ல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ் மேடைக்கென்று பிறந்தது. துண்டுகளை எந்த வரிசையிலும் தாளம் தவறாமல் ஏவலாம். பல கட்டுப்பாட்டுக் கருவிகளோடு அதன் சிறு பதிப்பு இலவசமாக வருகிறது. பாடகர் குரலைப் பதிவதே முதன்மை வேலை என்றால் ரீப்பர் போதும், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். மேக் வைத்திருப்பவருக்குக் காராஜ்பேண்ட் செலவில்லாமல் கிடைக்கிறது. ஆர்டரும் எல்எம்எம்எஸ்ஸும் கட்டற்ற மென்பொருள்கள்.

உடைத்த மென்பொருளை நண்பரிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இசைஞருக்கே கேடு. மேடையில் அது நின்றுபோனால் கேட்க ஆளில்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டமும் அதைக் குற்றமாகத்தான் பார்க்கிறது. பாட்டுக்காரன் தன் பாட்டுக்கு உரிமை கேட்பதற்கும் இதே சட்டம்தான் துணை. திரைப்பாடலின் ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்துபவருக்கு இசையமைப்பின் உரிமையாளர், ஒலிப்பதிவின் உரிமையாளர் என இரு தரப்பின் ஒப்புதலும் தேவை.

கடைத்தெரு

அம்பாங்வாசிக்கு வசதி ரயில்தான். 1996ல் ஓடத் தொடங்கிய அம்பாங் தடத்தில் ஏறினால் புடு நிலையத்தில் இறங்கி ஜாலான் பசாருக்கு நடந்து போகலாம். மின்னணு உதிரிபாகங்களின் தெரு அது. செருகிகள், கேபிள், மின்தடை என எதையும் சில்லறையாக வாங்கலாம். அடுத்த நிலையமான ஹங் துவாவில் மோனோரயில் மாறினால் ஒரு பக்கம் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா, மறுபக்கம் பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய்விடலாம். பெரிய இசைக்கருவிக் கடைகளில் பெந்த்லி மியூசிக் முத்தியாரா டாமன்சாராவில் இருக்கிறது. பழைய கருவி வாங்கும்போது ஹெட்ஃபோனைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் அழுத்தியும் தட்டி, ஒவ்வொரு குமிழையும் முழுச் சுற்றுத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேட்க வேண்டும்.

மின்சாரமும் மேடையும்

மலேசிய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று பட்டைச் செருகி. ஜப்பானிலிருந்து நேராக வந்த பழைய கருவி 100 வோல்ட்டுக்கானது. நேரே செருகினால் அது கருகிவிடும், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். இடி மிகுந்த பகுதி இது. மாலையில் மேகம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, செருகியையே பிடுங்கி வைக்க வேண்டும். ஈரக்காற்றில் மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

திருமண மண்டபத்திலோ கோயில் திருவிழாவிலோ வாசிப்பவர் ஜெனரேட்டர் மின்சாரத்தை நம்பியிருப்பார். பேட்டரி உள்ள மடிக்கணினி தாங்கும், சுவர் மின்சாரத்தை மட்டும் நம்பும் கருவி மின்னழுத்தம் ஒரு நொடி இறங்கினாலும் மறுபடி தொடக்கத்திலிருந்து விழிக்கும். சிறிய யுபிஎஸ் ஒன்று நிகழ்ச்சியையே காப்பாற்றும். கணினியின் ஒலியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் இடையில் மின்வழியைப் பிரிக்கும் டிஐ பெட்டி வைக்க வேண்டும். அதைச் சொந்தமாக வைத்திருப்பது நல்லது. பல மண்டபங்களில் ஸ்டீரியோ கிடைக்காது, ஒற்றை வழிதான். ஆகவே கலவையை மோனோவில் கேட்டுப் பார்க்காமல் மேடையேறக் கூடாது. வாசித்துப் பழகியவர்கள் ஆக்டாபேடையோ எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்ற சாம்பிள் பேடையோ கணினியோடு சேர்த்து வைப்பார்கள், கணினி உறைந்தாலும் தாளம் நிற்காது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. டாவ் கோப்பு அது பயன்படுத்திய பிளக்-இன்கள் என்ற துணை மென்பொருள்கள் இருக்கும்வரைதான் முழுமையாக ஒலிக்கும். கணினி மாறினால், நிறுவனம் மூடப்பட்டால், உள்ளே இருந்த பாட்டு முன்போல வெளியே வராமல் போகலாம். ஒவ்வொரு டிராக்கையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை தனித்தனி டபிள்யூஏவி கோப்பாக எழுதி, தாள வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே குறித்து, இரண்டு வட்டுகளில் வைக்க வேண்டும். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.