‘செல்’ தமிழில் பெயர் பெற்ற வரலாறு: கலம், உயிரணு, கண்ணறை

உயிரிகளின் அடிப்படை அலகைக் குறிக்கத் தமிழகமும் இலங்கையும் இன்று வெவ்வேறு சொற்களை ஆள்கின்றன. சேத்தூர் மாணவர் ‘செல்’, ‘திசு’ எனக் கற்பவற்றை மானிப்பாய் மாணவர் ‘கலம்’, ‘இழையம்’ எனக் கற்கிறார். இதனை வெறும் வட்டார வழக்காகக் கொள்ளவியலாது. ஒவ்வொரு சொல்லும் அவ்வலகைப் பற்றிய ஒரு கருத்தைத் தன்னுள் கொண்டுள்ளது.

1665இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டவை உயிரற்ற சுவர்களே. ஆதலின் சிற்றறை எனப் பொருள்படும் பெயரை இட்டார். தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று 1838இல் சிலைடனும், விலங்குகளும் அவ்வாறே என்று 1839இல் சுவானும் நிறுவினர். செல் செல்லிலிருந்தே தோன்றும் என்னும் கோட்பாட்டை 1855இல் விர்ச்சோ வலியுறுத்தினார். பொருள் முற்றிலும் மாறியபின்னும் ஆங்கிலம் பழைய பெயரையே வைத்துக்கொண்டது.

தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டனர். இலங்கையில் விடுதலைக்குப்பின் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

இவ்வாறு பெருகிய சொல்லாக்க முயற்சிகளுக்கிடையே வழங்கிய பெயர்களுள் ‘கண்ணறை’ ஹூக்கின் அறையை அப்படியே பெயர்க்கிறது. ‘கலம்’ உள்ளீட்டைத் தாங்கும் ஏனத்தைச் சுட்டுகிறது. ‘உயிரணு’ ஒன்றே வளர்தல், பெருகுதல், தூண்டலுக்குத் துலங்கல் ஆகியவற்றின் உறைவிடமாக அவ்வலகைக் காட்டுகிறது. சொல்லாக்கியோர் இவ்வளவும் எண்ணியே தெரிந்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் பொருளுக்கு மிக நெருங்கியது உயிரணுவே. அதன் குறை, வேதியியலில் ‘அணு’ வேறொன்றைக் குறிப்பதாகும்.

இக்குழப்பம் குருதியில் தெளிவாகத் தெரிகிறது. ‘செல்’லை ஏற்ற தமிழகப் பாடநூல்கள் ‘இரத்தச் சிவப்பணு’ என்பதைக் கைவிடவில்லை. இலங்கையிலோ அது ‘செங்குருதிக் கலம்’. முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை என்று படிக்கும் மாணவர், அதே நூலின் வேதியியற் பகுதியில் ஒவ்வோர் அணுவிற்கும் உட்கரு உண்டு என்றும் படிக்கிறார். இவ்விடத்தில் ஆசிரியர் நின்று விளக்கியாக வேண்டும். இலங்கை வகுப்பறையில் ‘கலம்’ அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது.