பிறப்பைக் கேளாத அகராதி

மலாய் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அகராதியைக் 'காமுஸ்' என்று சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். அச்சொல் மலாய் மொழிக்கு அரபியிலிருந்து வந்தது. அரபியிலும் அதற்கு முதலில் அகராதி என்னும் பொருள் இருந்ததில்லை. பெருங்கடல் என்பதே பொருள். ஃபிரூசாபாதி என்னும் புலவர் தாம் தொகுத்த அகராதிக்குச் 'சூழ்ந்து நிற்கும் பெருங்கடல்' என்று பெயரிட்டார். அந்நூலின் புகழ் பரவப் பரவ, அதன் பெயரே அகராதிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகி, கடல் கடந்து இந்நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. அப்புலவரோ அரபு நாட்டிற் பிறந்தவரல்லர். 1329-ஆம் ஆண்டில் பாரசீகத்திற் பிறந்தவர்.

ஒரு மொழியின் கடலை அளந்து கொடுத்தவர் அம்மொழிக்குரிய நாட்டிற் பிறவாதவரா என்று சிலர் வியக்கலாம். அரபு அகராதிகளின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இது வியப்பன்று, வழக்கமே என்பது விளங்கும். மொழி பிறப்பினால் வரும் சொத்தன்று, உழைப்பினால் வரும் சொத்தே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் கண்டதில்லை.

இஸ்லாம் பரவிய காலத்தில் பல நாட்டு மக்களும் அரபு கற்கத் தலைப்பட்டனர். மறைநூலின் சொற்பொருள் திரியாமற் காக்க வேண்டுமென்னும் கவலையும் உடன் எழுந்தது. 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த கலீல் என்னும் அரபுப் பேரறிஞர் முதல் அகராதிக்கு வழி வகுத்தார். எழுத்துக்களைத் தொண்டை முதல் உதடு வரை, ஒலி பிறக்கும் இடத்தின்படி அவர் வரிசைப்படுத்தினார். தொல்காப்பியத்தில் பிறப்பியல் பயின்றோர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. அவருக்குப் பின் வந்த ஜவ்ஹரி மத்திய ஆசியாவின் ஃபாராப் நகரத்தவர். அவர் பாலைவனக் குடிகளோடு தங்கி, அவர்தம் வாய்ச்சொல்லைக் கேட்டுக் கற்ற பின்னரே தம் நூலை இயற்றினார்.

அரபு அகராதியைப் பயன்படுத்துவதற்கே ஒரு பயிற்சி வேண்டும். அம்மொழிச் சொற்களிற் பெரும்பாலன மூன்று மெய்யெழுத்துக்கள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பன. க், த், ப் என்னும் வேர் எழுதுதலைக் குறிக்கும். 'கிதாப்' என்றால் நூல். 'மக்தப்' என்றால் அலுவலகம். 'காதிப்' என்றால் எழுத்தர், அதாவது நம்போன்ற தோட்டத்துக் கிராணி. 'மக்தப்' என்பதை மகரத்தின்கீழ்த் தேடுவோன் ஏமாறுவான். வேரைக் கண்டவனுக்கே பொருள் கிட்டும். நாம் பேரேட்டில் நாள்தோறும் எழுதும் 'பாக்கி', 'வசூல்' என்பனவும் அரபு வேரிற் கிளைத்துத் தமிழுக்கு வந்தனவே.

அரபு அகராதிகளுள் மாபெரும் நூலொன்றை இயற்றியவர் இந்தியாவிற் பிறந்தவர் என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தி. முர்த்தளா அஸ்ஸபீதி 1732-இல் வட இந்தியாவின் பில்கிராம் என்னும் ஊரிற் பிறந்தார். யெமன் நாட்டு ஸபீத் நகரிற் பயின்று, கெய்ரோவிற் குடியேறினார். ஃபிரூசாபாதியின் நூலுக்கு விரிவுரையாக அவர் இயற்றிய 'தாஜுல் அரூஸ்', அதாவது 'மணமகளின் மகுடம்', 1774-இல் நிறைவுற்றது.

அம்மகுடத்தை ஆங்கிலத்திற் கொணர முனைந்தவர் எட்வர்ட் வில்லியம் லேன். 1801-இற் பிறந்த இவர் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர்; இலண்டனில் தகட்டிற் படம் செதுக்கும் தொழில் கற்றவர். 1825-இல் எகிப்து சென்று மக்களோடு மக்களாய் வாழ்ந்து அரபு கற்றார். 1842-இல் அகராதிக்கென்றே மீண்டும் கெய்ரோ சென்று ஏழாண்டுகள் தங்கினார். அந்நாளில் 'தாஜுல் அரூஸ்' கையெழுத்துப் படிகளாகவே இருந்தது. இப்ராஹீம் அத்தசூக்கி என்னும் எகிப்திய அறிஞர் துணை நின்று, படிகளை ஒப்பு நோக்கிப் பிழை நீக்கினார். லேனின் அகராதியின் முதற்பகுதி 1863-இல் வெளிவந்தது. 1876-இல் அவர் இறந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை. எஞ்சிய பகுதிகளை அவருடைய உறவினர் ஸ்டான்லி லேன்-பூல் பதிப்பித்து 1893-இல் முடித்தார். எனினும் இறுதி எழுத்துக்கள் குறிப்பளவிலேயே நின்றுவிட்டன. அட்டையில் லேன் பெயர் உண்டு. உடனிருந்து உழைத்த தசூக்கியின் பெயரை இன்று அறிவார் எத்தனை பேர்?

பெயர் மறைவது ஒரு துயரம். உயிரையே பறிப்பது வேறு. இனி நாம் கூறப்போவது அத்தகையது.

இக்காலத்து அரபு கற்போர் கையில் பெரிதும் வழங்குவது ஹன்ஸ் வெஹ்ர் என்னும் ஜெர்மானியரின் அகராதி. அது ஜெர்மன் மொழியில் 1952-இலும் ஆங்கிலத்தில் 1961-இலும் வெளிவந்தது. அதன் வேலை நடந்தது ஹிட்லர் ஆட்சியில். ஹிட்லரின் நூலை அரபியில் பெயர்க்க உதவும் என்று கருதி அவ்வரசு அதனை ஆதரித்தது. அவ்வேலைக்கு உழைத்தவருள் ஒருவர் ஹெட்விக் கிளைன் என்னும் யூதப் பெண்மணி.

1911-இற் பிறந்த கிளைன் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் அரபு பயின்று, 1937-இல் டாக்டர் பட்டத்திற்கான ஆராய்ச்சியை முடித்தார். யூதர் என்பதற்காகப் பட்டம் மறுக்கப்பட்டது. 1939 ஆகஸ்டில் இந்தியாவிற்குக் கப்பலேறினார். போர் நெருங்கியதால் கப்பல் திரும்பிவிட்டது. அவரைக் காக்க எண்ணிய ஆசிரியர் ஒருவர் இவ்வகராதி வேலையில் அமர்த்தினார். கிளைன் அரபு நூல்களைப் படித்து, சொற்களைச் சீட்டுக்களில் பொருளுடன் எழுதி அனுப்பினார். சீட்டொன்றுக்கு இத்தனை காசு என்று கூலி. இறாத்தல் கணக்கில் பால் நிறுத்துக் கூலி பெற்ற நமது மக்களுக்கு இம்முறை புதிதன்று. அவர் வேலை மிகச் சிறந்தது என்று பொறுப்பாளர் பாராட்டினர். ஆனால் அவர் பெயரை நூலில் வெளியிட இயலாது என்றும் எழுதினர். 1942 ஜூலை 11-ஆம் நாள் அவரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினர். அவர் திரும்பவில்லை. 1947-இல் பல்கலைக்கழகம் பட்டத்தை வழங்கியது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. 1952-இல் வெளிவந்த அகராதியின் முன்னுரையில் அவருக்கு நன்றி உண்டு. அவருக்கு நேர்ந்த கதி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அரசு அவர் பிறப்பைப் பார்த்தது. அகராதி அவர் பொருள் கூறியது சரியா என்பதை மட்டும் பார்த்தது. எவ்வரசின் பயனுக்கென்று அந்நூல் தொடங்கப்பட்டதோ, அவ்வரசு 1945-இல் மண்ணோடு மண்ணாயிற்று. கிளைன் உழைத்த அகராதியோ இன்றும் மாணவர்க்கு வழிகாட்டுகின்றது.

'கூலிக்காரன் மகனுக்கு இந்தப் படிப்பு எதற்கு, இந்தப் பாஷை எதற்கு?' என்று கேட்போர் நம்மிடையே இருந்தனர், இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே: பாரசீகனும், பில்கிராமத்தானும், படம் செதுக்கியவனும், பட்டம் மறுக்கப்பட்ட பெண்ணும் கூடிக் கட்டியது அரபு அகராதி. தமிழாயினும், மலாயாயினும், ஆங்கிலமாயினும், அரபாயினும், வேரைத் தேடும் பொறுமை உடையவர்க்கே மொழி உரியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்பொறுமையைப் பழக்குங்கள். உரிமையைப் பற்றி எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.