பிறவிக் கண்புரையும் ரூபெல்லாவும்

ரூபெல்லா என்பது லேசான காய்ச்சலோடும் தோலில் சிவந்த தடிப்புகளோடும் வந்து, பெரும்பாலும் சில நாட்களில் நீங்கிவிடும் வைரஸ் நோய். இதற்கு ஜெர்மன் தட்டம்மை என்ற பெயரும் உண்டு. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு இந்நோய் வந்தால் கருவிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் ஆகியவை பாதிக்கப்படலாம். இந்தத் தொடர்பை 1941-இல் முதன்முதலாக எடுத்துரைத்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் நார்மன் மக்கலிஸ்டர் கிரெக்.

சிட்னியில் கண்ட குழந்தைகள்

1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறவிக் கண்புரையுடன் வந்த பச்சிளங் குழந்தைகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதைக் கிரெக் கவனித்தார். பலருக்கு இரு கண்களிலும் புரை இருந்தது. குழந்தைகள் எடை குறைந்தும் பால் குடிக்கச் சிரமப்பட்டும் காணப்பட்டனர். பலரிடம் இதயக் குறைபாடும் இருந்தது. பிறவிக் குறைபாடுகள் பெரும்பாலும் பரம்பரையாக வருபவை என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல குடும்பங்களில், ஒரே காலத்தில், ஒரே வகைக் குறைபாடு தோன்றியதைப் பரம்பரையால் விளக்க முடியவில்லை.

கிரெக்கின் காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார்கள், கருவுற்றிருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது என்று சொல்லப்படுகிறது. குழந்தைகள் பிறந்த நாளிலிருந்து அவர் பின்னோக்கிக் கணக்கிட்டார். அவர்கள் கருவில் உருவான தொடக்க மாதங்கள், 1940-இல் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பரவலாக இருந்த காலத்தோடு பொருந்தின. பிற கண் மருத்துவர்களிடமும் அவர் விவரம் கேட்டார். மொத்தம் 78 குழந்தைகளின் விவரங்கள் கிடைத்தன. அவற்றுள் 13 அவரிடமே வந்தவை. 68 தாய்மார்களுக்குக் கருவுற்ற காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. இந்த முடிவை 1941 அக்டோபரில் மெல்போர்னில் நடந்த கண் மருத்துவர் கூட்டத்தில் அவர் வாசித்தார்.

ஐயமும் சான்றும்

இக்கருத்தை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. கிரெக் தம் கூற்றை இன்னும் மெய்ப்பிக்கவில்லை என்று 1944-இல் பிரிட்டனின் 'லான்செட்' இதழ் எழுதியது. குறைபாடுள்ள குழந்தைகளில் தொடங்கித் தாயின் நோயைத் தேடியதால், ரூபெல்லா வந்த தாய்மார்களில் எத்தனை பேருக்கு நலமான குழந்தைகள் பிறந்தன என்பது தெரியாமல் இருந்தது.

இதற்குள் சார்லஸ் சுவான் தலைமையிலான குழுவினர் தெற்கு ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு, இக்குழந்தைகளிடம் காது கேளாமையும் இருப்பதைக் காட்டியது. அடுத்து, புள்ளியியலாளர் ஆலிவர் லான்காஸ்டர் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் புரட்டினார். 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10 முதல் 14 வயது வரை உள்ளவர்களிடம் காது கேளாமை மிகுந்திருந்தது. 1921-இல் அதே மிகுதி 20 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் தென்பட்டது. இருமுறையும் கணக்கில் வந்தவர்கள் ஒரே தலைமுறையினர். காது கேளாதோர் பள்ளிப் பதிவேடுகளும் 1899-ஐ ஒட்டிப் பிறந்தவர்களையே சுட்டின. அக்காலத்திலும் ரூபெல்லா பரவியிருந்தது. இம்முடிவுகளை அவர் 1951-இல் வெளியிட்டார். விடை 40 ஆண்டுகளாகக் கணக்கேடுகளில் இருந்தும், கேள்வி எழாததால் அது எவர் கண்ணிலும் படவில்லை.

வைரஸும் தடுப்பூசியும்

ரூபெல்லா வைரஸை அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் 1962-இல் தனித்தனியே பிரித்தெடுத்தன. அதற்கு முன் கிரெக்கிடமோ லான்காஸ்டரிடமோ வைரஸை உறுதிசெய்யும் சோதனை எதுவும் இல்லை. 1964–65-இல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவால் சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளுடன் பிறந்தனர். அங்கே 1969-இல் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது.

பிறவிக் கண்புரையுடன் வரும் குழந்தைகளிடம் ரூபெல்லாவின் பங்கை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1990-களில் ஆராய்ந்தனர். இந்தியாவில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய பகுதிகளில் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டவர் வரை ஆண், பெண் இருபாலருக்கும் ஊசி போடப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு ரூபெல்லா பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனாலும் அவர்கள் வழியாக நோய் கருவுற்ற பெண்ணை எட்டக்கூடும். அதனால்தான் அவர்களுக்கும் ஊசி தேவைப்படுகிறது. பிறக்கவிருக்கும் குழந்தைக்கு நேரடியாகத் தடுப்பூசி போட இயலாது. அதைச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதே அதற்கான காப்பு.