பண்ணைக்குட்டை மீன் ரகத் தேர்வு: போடி மலையடிவாரமும் ஏலமலைச் சரிவும்

தனியார் குட்டையில் எந்த மீனை விடுவது என்பதோடு நில்லாமல், அந்த மீனில் எந்த ரகத்தை, எந்தத் தாய்மீன் வழி வந்த குஞ்சை விடுவது என்று தீர்மானிப்பதே மீன் ரகத் தேர்வு. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், தேவாரம், பொட்டிபுரம் வட்டாரத்துப் பண்ணைக்குட்டைகளிலும், மேலே ஏலத்தோட்டங்களில் மழைநீரைத் தேக்கும், பிளாஸ்டிக் விரித்த படுதா குளங்களிலும் மீன் வளர்க்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நெல் விதை வாங்கப் போகிறவர் ரகத்தின் பெயர் கேட்காமல் மூட்டையைத் தூக்குவதில்லை. மீன்குஞ்சு வாங்கும்போது மட்டும் ரோகு, ஜிலேபி என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. விளைச்சலில் தீவனத்துக்குப் போலவே ரகத்துக்கும் பங்கு உண்டு. குட்டை நிரம்பி வழிந்தால் தண்ணீர் எந்த ஓடைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேர்வு முழுமையாகும்.

நிலமும் நீரும்

பொட்டிபுரம், உத்தமபாளையம் வட்டத்தில் போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்வான இடம் என்பதால் வெளியூர்க்காரர்களும் இந்தப் பெயரை அறிவார்கள். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டிவிட, அடிவாரத்துக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். குட்டைகள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில். பங்குனி, சித்திரையில் மட்டம் இறங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்றின் துணை இல்லாத குட்டையில் மீனுக்குக் கிடைப்பது ஆறேழு மாதம். ரோகுவும் கட்லாவும் முக்கால் கிலோ, ஒரு கிலோ வளர பத்து மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும் என்பதால், தண்ணீர் நிற்கும் கால அளவே பல ரகங்களைக் கழித்துவிடுகிறது.

உயரம் இரண்டாவது சல்லடை. போடி நகரம் ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடைந்தால் 1,300 மீட்டருக்கு மேல். ஜிலேபி இனங்கள் செழிப்பது 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில். 17 டிகிரிக்குக் கீழே போனால் தீனி எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். 12 டிகிரியை ஒட்டிய குளிர் நீடித்தால் சாகும். கீழே ஆண்டு முழுக்க வளரும் ரகம், மேலே மார்கழி, தை மாதங்களில் முடங்கிக் கிடக்கும்.

பெருங்கெண்டைகள்: தாய்மீன் யார்?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்திய ஆற்று மீன்கள். 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி மூளையடிச் சுரப்பிச் சாறு ஊசி போட்டு இவற்றைக் குளத்திலேயே முட்டையிட வைத்த பிறகு, குஞ்சுக்கு ஆற்றை நம்பியிருக்கும் நிலை மாறியது. அந்த வெற்றிதான் பொரிப்பகங்களை நாடெங்கும் பெருக்கியது. ஒரு குறையும் அதோடு கூடவே வந்தது. ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுவதால், ஒரு சில சோடிகளை வைத்தே ஒரு பொரிப்பகம் தன் வட்டாரத்துக்குத் தேவையான குஞ்சு முழுவதையும் எடுத்துவிட முடியும். அடுத்த தலைமுறைக்குத் தாய்மீனும் அதே குஞ்சுகளிலிருந்து வரும். நல்ல மீன்கள் சந்தைக்குப் போய்விட, விற்காமல் எஞ்சியவை தாய்மீனாவதும் உண்டு. 1990இல் அம்பேகர் ஏக்நாத்தும் ரோஜர் டாயிலும் வெளியிட்ட ஆய்வு, கர்நாடகப் பொரிப்பகங்களில் இப்படிப்பட்ட உள்ளினச் சேர்க்கை தலைமுறைக்கு 2 முதல் 17 விழுக்காடு என்று மதிப்பிட்டது. உழைத்தும் தீனி போட்டும் மீன் பருக்கவில்லை என்று விவசாயி தண்ணீரையும் தன்னையும் நொந்துகொள்ளும் பல இடங்களில், பிழை குஞ்சின் பரம்பரையில் இருக்கக்கூடும்.

இதற்கு மாற்றாக வந்தது ஜெயந்தி ரோகு. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், நார்வேயின் அக்வாஃபோர்ஸ்க் நிறுவனத்துடன் சேர்ந்து 1992இல் இதற்கான திட்டத்தைத் தொடங்கியது. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி என ஐந்து ஆறுகளின் ரோகுவையும் பண்ணை ரோகுவையும் ஒன்றாக வளர்த்து, வேகமாக வளர்ந்த குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறைக்கு 17 விழுக்காடு அளவில் வளர்ச்சி கூடியது. 1997இல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில், ஜெயந்தி என்ற பெயருடன் வெளியிட்டார்கள். கட்லாவிலும் அதே நிறுவனம் பின்னர் அமிர்த கட்லா என்ற மேம்பட்ட ரகத்தைத் தந்தது.

பார்த்தால் ஜெயந்தி ரோகுவும் மற்ற ரோகுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது பெயரை அல்ல: தாய்மீன் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு மாற்றினார்கள், எத்தனை சோடி வைத்திருக்கிறார்கள். தேனி மாவட்டத்துக்கு அரசு மீன்குஞ்சு கிடைக்கும் இடமான வைகை அணையிலும் இதைக் கேட்கலாம். கேட்பது வாங்குபவரின் உரிமை.

ஆறேழு மாதமே தண்ணீர் நிற்கும் குட்டைக்கு ஆந்திரக் குளக்காரர்களின் வழக்கம் ஒன்று நன்றாகப் பொருந்தும். குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, குறைந்த தீனியில் ஓராண்டு வைத்திருந்து, 100 கிராமுக்கு மேற்பட்ட அளவில் எடுத்து வளர்ப்புக் குளத்தில் விடுவார்கள். இடமும் தீனியும் கிடைத்ததும் இவை முடங்கிய காலத்துக்கும் சேர்த்து வளரும். ஆறேழு மாதத்தில் விற்பனை எடைக்கு வந்துவிடும். விலை கூடுதல்தான், ஆனால் விரலளவுக் குஞ்சை விட்டுக் கோடையில் அரைகுறை மீனைப் பிடிப்பதைவிட இது மேல்.

சாதாக்கெண்டை: மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று

ரகத் தேர்வு இந்தியாவில் முதலில் தெளிவாகப் புரிந்தது சாதாக்கெண்டையில்தான். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது ஜெர்மன் ரகம். கண்ணாடிக்கெண்டை எனப்படும், செதில் குறைந்த வகை இதில் அடங்கும். குளிர்ந்த மலை ஏரிகளில் இது நிலைத்தது. சமவெளி வெப்பத்துக்கு 1957இல் பாங்காக் ரகம் கட்டாக்குக்கு வந்தது. அது சமவெளிக் குளங்களில் எளிதாகப் பெருகியது. பெருகியதே அதன் குறையும் ஆனது: சில மாதங்களிலேயே சினைப்பட்டு, தின்றதெல்லாம் சதையாகாமல் முட்டையாகிப் போனது.

இந்தக் குறையைத் தீர்க்க, கர்நாடகத்தின் ஹெசரகட்டாவில் ஹங்கேரியிலிருந்து வந்த அமூர் கெண்டை வழியை வைத்து ஒரு ரகம் உருவானது. அது தாமதமாகச் சினைப்படுவதால் முதல் ஆண்டில் உடல் வளர்ச்சி கூடுகிறது. போடி அடிவாரத்தில் ஓரளவு நீர் நிற்கும் குட்டைக்கும், தண்ணீர் குளிரும் மலைக் குளத்துக்கும் இரண்டுக்கும் ஒத்துவரக்கூடிய ரகம் இதுதான். பிளாஸ்டிக் விரித்த குட்டையில் மட்டும் ஒரு கவனம் தேவை. சாதாக்கெண்டை அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் மீன். சேறில்லாத விரிப்பின்மேல் அதன் இயற்கைத் தீனி குறைவு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கையால் போட்டாக வேண்டும்.

ஜிலேபி: வேகமும் விலையும்

மக்கள் ஜிலேபி என்று பொதுவாகச் சொல்வது 1952இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியாவை. இரண்டு மூன்று மாத வயதிலேயே இனப்பெருக்கம் செய்யும். குஞ்சுகளைத் தாய் வாய்க்குள் வைத்துக் காக்கும். விளைவு, குட்டை முழுக்க விரல் நீள மீன். 1959லேயே இதன் வளர்ப்புக்கு மைய அளவில் தடை வந்தும், தமிழ்நாட்டு அணைகளிலும் ஏரி, கண்மாய்களிலும் இது அதற்குள் ஊன்றிவிட்டது.

கிஃப்ட் என்ற மேம்பட்ட ரகம் வேறு இனம். நைல் திலாப்பியா வழி வந்தது. 1988இல் பிலிப்பைன்ஸில், இன்று வேர்ல்டுஃபிஷ் எனப்படும் நிறுவனம் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. மேலே சொன்ன ஏக்நாத்தின் பங்கு இதில் பெரியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து காட்டு மீனையும், இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து வழியாக ஆசியப் பண்ணைகளில் இருந்த நான்கு ரகங்களையும் ஒன்றாக வைத்துச் சோதித்தார்கள். பல ஆண்டு பண்ணையில் பழகிய மீன்தான் முந்தும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. எகிப்து, கென்யக் காட்டு மீன்கள் அவற்றுக்குச் சளைக்கவில்லை. ஆசியப் பண்ணை மீனில் மொசாம்பிக் கலப்பு ஏறியிருந்தது அதற்கு ஒரு காரணம். ஐந்து தலைமுறைத் தேர்வில் வளர்ச்சி 80 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. இந்தியாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், விஜயவாடாவுக்கு அருகே மணிகொண்டாவில் இதன் மூல இருப்பைப் பராமரிக்கிறது. நல்ல தீவனத்தில் ஐந்தாறு மாதத்தில் 400, 500 கிராம் எட்டும் என்பதால், தண்ணீர் குறைந்த பொட்டிபுரத்துக் குட்டைக்குக் கணக்கு சரியாக வருகிறது.

ஆனால் இதை வாங்கும் முறை வேறு. மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி அனுமதி பெற்ற பொரிப்பகத்தின் ஆண் குஞ்சுகளை மட்டுமே, மீன்வளத் துறையில் பதிவு செய்த குட்டையில் வளர்க்கலாம். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து இக்குஞ்சு கிடைக்கிறது. நுண்குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 21 நாள் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஆணாக்குகிறார்கள். நூற்றுக்கு நூறு ஆணாகிவிடுவதில்லை. எஞ்சும் சில பெண்மீன்களின் குஞ்சுகளைத் தின்ன நாலைந்து விராலை விட்டுவைப்பது நல்ல வழக்கம். திலாப்பியா ஏரி வைரஸ் இந்தியாவிலும் பதிவாகிவிட்டதால், ஊர் பேர் தெரியாத வண்டிக்காரரிடம் மலிவு விலைக்கு வாங்கிய குஞ்சு முழுக் குட்டையையும் அழிக்கக்கூடும்.

ஏலமலைக் குளம்

மலைமேல் கணக்கு வேறு. ஏலச்செடிக்கு மாசி முதல் வைகாசி வரை நீர் வேண்டும் என்பதற்காகத்தான் படுதா குளமே வெட்டப்படுகிறது. மீன் அதில் துணை வருமானம். ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கடி அடிக்கிறார்கள். அவற்றில் பைரெத்திராய்டு வகை மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். தெளிப்பான் கழுவிய நீரும் சரிவில் வழியும் மழைநீரும் குளத்தில் இறங்காதபடி மேட்டுப்பக்கம் வாய்க்கால் வெட்டாமல் எந்த உயர்ந்த ரகத்தை விட்டும் பயனில்லை.

இன்னொன்று, இதைவிட முக்கியம். போடி சரிவின் தண்ணீர் கொட்டக்குடி ஆறு வழியே வைகைக்குப் போகிறது. அந்த நீர்நிலைகளில் ஜிலேபி ஏற்கெனவே இருக்கிறது. போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் விழும் மழை பன்னியாறு வழியே பெரியாற்றில் சேர்கிறது. பெரியாற்றின் மேல்பகுதியில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. பெரியாறு ஏரியில் சாதாக்கெண்டையும் மொசாம்பிக் ஜிலேபியும் புகுந்து அவற்றை நெருக்கிவருவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மேற்குச் சரிவில் ஜிலேபி எந்த ரகமானாலும் விடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அமூர் கெண்டையும் வழிந்தோடாத, சுற்றிலும் கரை உயர்ந்த குளத்துக்கு மட்டுமே. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்தச் சரிவிலும் நினைக்கவே வேண்டாம்.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்கப் பண்ணைக் குட்டைகளில் இதே கேள்வி புளூகில் என்ற மீனைச் சுற்றி எழுகிறது. வெப்பமான தென் மாநிலங்களில் காப்பர்நோஸ் என்ற புளோரிடா வழி ரகம் நன்றாகப் பருக்கும். வடக்கின் குளிரில் தாங்காது. அங்கே உள்ளூர் ரகமே பொருத்தம். அந்த மீனை 1960இல் சிகாகோவில் பரிசாகப் பெற்று ஜப்பானுக்குக் கொண்டுபோனவர் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ. அது பிவா ஏரியில் பரவி நாட்டு மீன்களை அழித்தது. 2007இல், பேரரசராக இருந்தபோது, அவர் அதற்காகப் பொதுவில் வருந்தினார். அதே அகிஹிட்டோ 1965இல் தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு அனுப்பிய நைல் திலாப்பியாக்கள் சித்திரலதா அரண்மனைக் குளத்தில் பெருகி, அரண்மனைப் பெயரிலேயே புகழ்பெற்ற ரகமாகி, அந்நாட்டு எளியவர்களின் உணவாயின. இரண்டுமே நல்லெண்ணத்தில் கொண்டுபோன மீன்கள். போய்ச் சேர்ந்த நீர்நிலைதான் விளைவைப் பிரித்தது.

விடும் அளவும் அறுவடையும்

10 சென்ட் குட்டைக்குப் பெருங்கெண்டைக் குஞ்சு 200 போதும். கிஃப்ட் என்றால் சதுர மீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று. அதற்கு மேல் நெருக்கினால் காற்றூட்டும் கருவி வேண்டும். வழியும் வாயில் பூச்சித்தடுப்பு வலை போன்ற சிறுகண் வலையை இரட்டையாகக் கட்ட வேண்டும். கிஃப்ட் வளர்த்த குட்டையை அறுவடைக்குப் பின் முழுவதும் வற்றவைத்து, மண் குட்டையானால் சுண்ணாம்பு தூவி வெடிக்கும்வரை காயப்போட வேண்டும். ஓரத்துச் சேற்றுக்குழியில் தங்கும் ஒரு பெண்மீன், அடுத்த ஐப்பசி மழைக்குள் குட்டையை மறுபடி விரல் நீள மீன்களால் நிரப்பிவிடும்.