இருபத்தெட்டு அங்குலம்: குடுமியான்மலைச் சாலையும் ஒரு பழைய மிதிவண்டியும்

குடுமியான்மலை என்றவுடன் நம் வாசகர்களுக்கு இசைக் கல்வெட்டும், மேலைக்கோயில் குடைவரையும், நாயக்கர் காலத் தூண் சிற்பங்களும் நினைவில் எழும். இக்கட்டுரை அவற்றுள் எதனைப் பற்றியதும் அன்று. அவ்வூருக்குச் செல்லும் சாலையையும், அதில் ஓடவேண்டிய ஒரு பழைய மிதிவண்டியின் டயரையும் பற்றி எழுதவிருக்கிறோம். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றில் மிதிவண்டிக்கு உள்ள இடம் சிறியதன்று.

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை ஏறத்தாழ 20 கி.மீ. போய்வர 40. பேருந்தில் போனால் கோயில் வாசலில் இறங்கிவிடலாம். வழியிலுள்ள கண்மாய்க் கரைகளும் பாறைகளும் கண்ணில் படா. ஆகவே மிதிவண்டியில் செல்வதென்று எங்கள் குழுவில் முடிவாயிற்று. எங்களிடம் இருந்தவற்றுள் இரண்டு, பார் வைத்த பழைய இருபத்தெட்டு அங்குல வண்டிகள். சட்டமும் செயினும் குறையில்லாமல் இருந்தன. டயர்கள் மட்டும் வெடிப்போடிப் போயிருந்தன. பழைய வண்டிக்குக் கூடுதலாகச் செலவழிக்கவும் மனமில்லை, பாதி வழியில் தள்ளிக்கொண்டு நடக்கவும் மனமில்லை. எந்த டயரை வாங்குவது? இந்தச் சின்னக் கேள்வி எங்களை எங்கெங்கோ இழுத்துச் சென்றது.

கல்வெட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு டயரின் பக்கச் சுவர் நன்கு பிடிபடும். அதுவும் புடைப்பெழுத்துத்தான். பழைய வண்டியில் 28 × 1½ என்று இருக்கும். இதில் 28 என்பது காற்றடைத்த டயரின் வெளிவிட்டம், அங்குலத்தில், அதுவும் தோராயமாக. 1½ என்பது அகலம். ஆனால் டயர் ரிம்மில் பொருந்துமா என்பதை வெளிவிட்டம் தீர்மானிப்பதில்லை. டயரின் ஓரத்திலுள்ள கம்பி வளையம் உட்காரும் இடத்தின் விட்டமே தீர்மானிக்கிறது. நம்மூர்ப் பழைய வண்டியில் அது 635 மில்லிமீட்டர். இன்றைய சாலைப் பந்தய வகை வண்டிகளில் வரும் 700சி என்னும் அளவையும் சில நாடுகளில் 28 அங்குலம் என்றே அழைக்கிறார்கள். அதன் விட்டம் 622. வேறுபாடு 13 மில்லிமீட்டர்தான். ஆயினும் ஒன்று மற்றொன்றில் உட்காராது. 26 அங்குலத்திலும் இதே குழப்பம் உண்டு. 26 × 1⅜ எனில் 590. பருத்த பட்டை கொண்ட மலைப்பாதை வகை வண்டியின் 26 எனில் 559. ஒரே பெயரில் இரு மன்னர்கள் இருந்தால் ஆட்சியாண்டை வைத்துப் பிரிப்பதுபோல, இங்கே மில்லிமீட்டர் எண்ணை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். பெரும்பாலான டயர்களில் 40-635 என்பதுபோல இரண்டாம் எண்ணொன்று சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரிடம் அதைச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

இந்த 635 எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்துதான். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார் என்பது பலரும் அறிந்த கதை. அவருக்கு நாற்பதாண்டுகளுக்கும் முன்பே, 1845-இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதும், அதனால் டன்லப்பின் காப்புரிமை செல்லாமற் போனதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டயரை ரிம்மிலிருந்து எளிதில் கழற்றி மாட்ட வழி செய்தவர் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச். 1890-இல் ஓரக்கம்பி வைத்த டயரை அமைத்தவர் அவர். எங்கள் பார்வையில் ஏழைகளுக்கு உதவியவர் இந்த வெல்ச்தான். ஒட்டிவைத்த டயராகவே இருந்திருந்தால், மரத்தடியில் ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டு நெம்புகோல்களும் வைத்துக்கொண்டு ஒருவர் பஞ்சர்க் கடை நடத்தியிருக்க முடியாது.

டயருக்கான ரப்பரின் கதையில் தமிழர் பங்கு பெரிது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் அடுத்து மலாயாவுக்கும் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது அங்கே பால் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகளால் திரட்டப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அவர்களுள் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து ஊர்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. அத்தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களிலும் தோட்டங்களை வாங்கியவர்களிலும் நகரத்தார் இருந்தனர். இத்தகைய ஆட்சேர்ப்புக்கு இந்திய அரசு 1938-இல் தடை விதித்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் தெருக்களில் ஓடிய இங்கிலாந்து மிதிவண்டிகளின் டயர்களில் இவ்வூரார் வெட்டிய பாலும் கலந்திருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்க்கையில், அந்த வண்டிகளை அயல்நாட்டுப் பண்டம் என்று முழுமையாக ஒதுக்க எங்களால் இயலவில்லை.

விடுதலைக்குப் பின் வண்டிகள் இங்கேயே உருவாயின. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து ஹெர்குலிஸ் வந்தது. சோனிபட்டில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ 1956-இலும் பிறந்தன. பெயர்கள் மாறின, அளவு மாறவில்லை. அதே சட்டம், அதே 28 × 1½. இங்கிலாந்தில் அந்த அளவு அருகிப் போன பின்னும் இந்தியாவில் கோடிக்கணக்கான வண்டிகள் அதிலேயே ஓடின. புதுமை நாட்டம் கொண்டோர் இதனைத் தேக்கம் என்று குறை கூறுவர். நாங்கள் உடன்படவில்லை. ஓர் அளவு எழுபது ஆண்டு மாறாமல் இருந்ததால்தான் எந்தச் சிற்றூர்க் கடையிலும் அந்த டயர் தொங்கிற்று. தாத்தாவின் வண்டிக்கு வாங்கியது பேரனின் வண்டிக்கும் பொருந்திற்று. விலையும் எட்டும் நிலையில் நின்றது.

இதன் பயனைப் புதுக்கோட்டை மாவட்டம் 1991-92-இல் கண்டது. அறிவொளி இயக்கம் அங்கே முழுவீச்சில் நடந்த காலம் அது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டக் கற்பதும் பெண்களின் விடுதலைக்கு வழி என்ற எண்ணம் இயக்கத்தில் வேரூன்றியது. எழுதப் படிக்கக் கற்பிக்கும் பெண் தொண்டர் மாலையில் அடுத்த ஊருக்குப் போகவேண்டும், பேருந்து கிடையாது, தந்தையோ அண்ணனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. மிதிவண்டி அந்தக் கட்டினை அறுத்தது. 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளில் கைப்பிடிகளில் கொடி கட்டி, மணி ஒலித்து, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் வண்டி ஓட்டி வந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இதழாளர் பி. சாய்நாத் பின்னர் இங்கு வந்து பார்த்து எழுதியதன்படி, பதினெட்டு மாதங்களில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றிருந்தனர்; பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிக் கணக்கிட்டால், ஊரகப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல். அவர் எழுதியது 1996-இல் வெளியான அவரது நூலில் உள்ளது. அதன் இந்தி வடிவம் எட்டாம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றது. வடநாட்டுச் சிறுவர் படித்த புதுக்கோட்டையைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்பது தனிக் கேள்வி.

சாய்நாத் குறிப்பிடும் ஒரு செய்தி எங்களை நிறுத்தி வைத்தது. பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு இருந்தபோது அவர்கள் ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டனர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். காரணம், முன்பக்கப் பார். அதில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். பின் கேரியரில் தண்ணீர்க்குடம், சில நேரம் இன்னொரு குழந்தை. குழந்தையும் குடமும் ஏறிய அந்த வண்டி எத்தனை கனத்தை இழுத்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கனத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது பின் டயர். ஓட்டக் கற்றதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வங்கிக் கடனில் வண்டி வாங்கியதையும் எழுதியிருக்கிறார்கள். வாங்கிய வண்டி மூன்றாம் ஆண்டும் ஓட வேண்டுமே! கூலி வேலைக்கும் கல்லுடைக்கவும் போகும் பெண்ணுக்கு டயர் வெடித்த நாளில் வேலையும் போகும். புது டயருக்குக் காசும் வேண்டும். அப்போது கைகொடுத்தது எங்கும் கிடைத்த, விலை குறைந்த அந்த 28 × 1½ தான் என்பது எங்கள் கணிப்பு. வரலாற்றில் இதற்குச் சான்றாவணம் தேடினால் கிடைப்பது அரிது. பஞ்சர்க் கடைகள் கணக்கேடு வைப்பதில்லை.

பின்னர் தமிழ்நாட்டரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் படிக்கும் அனைவருக்கும் விரிவாக்கியது. குடுமியான்மலையிலேயே 2014-இல் வேளாண் கல்லூரி வந்தது. சாலையில் இன்று இருசக்கர மோட்டார் வண்டிகளே மிகுதி. டன்லப்பின் சாகஞ்ச் ஆலை 2011-இல் நின்றது. அட்லஸ் தன் சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அந்த நாள் உலக மிதிவண்டி நாள்!

இனி, வாங்கும் கதை. நாங்கள் பல கடைகளில் கேட்டும், டயர்களைக் கையிலெடுத்து வளைத்துப் பார்த்தும் தெளிந்தவை இவை. மிகக் குறைந்த விலை டயருக்கும் அதற்கு அடுத்த நிலை டயருக்கும் விலை வேறுபாடு சிறிது. வேறுபாடு இருப்பது உள்ளே உள்ள நூலில். முன்பு பருத்தி நூல் அடுக்கிச் செய்தனர். அது ஈரம் பட்டால் இற்றுவிடும். இப்போது நைலான். பக்கச் சுவரில் நைலான் என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து, டயரின் வயது. ரப்பர் கடையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் கிழடாகும்; வெயிலும் காற்றும் போதும். இரு கையாலும் மடக்கிப் பார்த்தால் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். தெரிந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டா. கம்பி வளையம் கோணலில்லாமல் வட்டமாக இருக்கவேண்டும். இல்லையேல் சக்கரம் சுற்றும்போது டயர் ஏறியிறங்கும். ரிம்மில் கோட்டம் எடுக்காமல் டயரைக் குறை சொல்லுவதும் முறையன்று.

புதுக்கோட்டை வட்டாரத்துக்கென்று ஒரு பகை உண்டு: சீமைக்கருவை முள். பந்தய வண்டிக்காரர்கள் விரும்பும் மெல்லிய டயர் இங்கே ஒருநாள் தாங்காது. பட்டை தடித்த, கனமான, பார்ப்பதற்கு அழகற்ற அந்தப் பழைய வகையே இச்சாலைக்கு உகந்தது. கனமான டயர் சற்று மெதுவாக உருளும், உருளட்டும். சித்தன்னவாசலையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு நாளை இரண்டாக்கிக் கொள்ளலாம். காற்றைக் குறைத்து வைத்தால் டயர் நோகாது என்பது தவறான நம்பிக்கை. குறைந்த காற்றில்தான் பக்கச் சுவர் மடங்கி மடங்கி வெடிக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும் அளவு முன் சக்கரத்துக்கு. அதைவிட விறைப்பாகப் பின் சக்கரத்துக்கு.

ஒரு டயர் வாங்கத்தான் காசிருக்கிறது என்றால் எங்கே மாட்டுவது? இதில் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து வழக்காடியது. தேய்ந்தது பின் டயர், ஆகவே புதியது பின்னுக்கு என்றனர் சிலர். முன் டயர் வெடித்தால் கைப்பிடி நம் சொல் கேட்காது. பின் டயர் வெடித்தால் தடுமாறியாவது நிறுத்தலாம். ஆகவே புதியதை முன்னுக்கு மாட்டி, முன்னே இருந்த நல்ல டயரைப் பின்னுக்கு மாற்றுவதே சரி என்ற கட்சி வென்றது. பாரில் குழந்தை உட்காரும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும்.

கழற்றிய பழைய டயரைச் சிறுவர்கள் குச்சியால் அடித்து ஓட்டிக்கொண்டு போவார்கள்; கொடுத்துவிடலாம். கொடுப்பதற்குமுன் அதில் கெட்டியாக உள்ள பகுதியில் ஒரு சாண் நீளம் வெட்டி, ஓரக்கம்பியை நீக்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் கூர்ங்கல் பட்டு டயர் கிழிந்தால், கிழிசலுக்கு உட்புறம், ட்யூப்புக்கும் டயருக்கும் இடையே அதைச் செருகிக் காற்றடித்தால், அன்னவாசலோ புதுக்கோட்டையோ வரை வண்டி வந்து சேரும்.