தொண்டை நோவை அலட்சியம் செய்யலாகாது

சிறுவர்களுக்குத் தொண்டை நோ ஏற்படும்போது கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதும் உப்பு நீரால் கொப்பளிக்கச் செய்வதும் எமது வீடுகளில் வழமையாகும். பெரும்பாலான தொண்டை நோக்கள் வைரஸ்களால் உண்டாவதால் சில நாட்களில் தாமாகவே மாறிவிடுகின்றன. ஆனால், ‘ஏ’ பிரிவைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் பற்றீரியாவினால் ஏற்படும் தொண்டை நோவை அவ்வாறு கருதிவிட முடியாது. தடிமனோ இருமலோ இன்றிக் காய்ச்சல், விழுங்குவதற்குச் சிரமம், கழுத்தில் நெறிகட்டுதல் என்பன காணப்படுமாயின் வைத்தியரை நாடுவதே உசிதமானது.

உரிய சிகிச்சை கிடைக்காவிடின், 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிலருக்கு இரண்டு, மூன்று வாரங்களின் பின்னர் வாதக் காய்ச்சல் ஏற்படுகின்றது. கிருமியை எதிர்க்க எழும் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குவதால் விளைவது இது. மூட்டு வலி மாறிவிடும். இதய வால்வுகளில் ஏற்படும் சேதமோ நிலைத்துவிடக்கூடும். உலகில் நான்கு கோடிக்கும் அதிகமானோர் இத்தகைய இதய நோயுடன் வாழ்கின்றனர்.

ஆபத்து இத்துடன் முடிவதில்லை. எமது வாயில் சாதாரணமாக வாழும் வேறுவகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிகள், பல் பிடுங்கும்போதும் முரசு நோயுள்ளபோதும் இரத்தத்தில் கலக்கின்றன. ஆரோக்கியமானவரின் உடல் அவற்றை விரைவில் அழித்துவிடுகின்றது. சேதமடைந்த வால்விலோ அவை தங்கிப் பெருகி, உயிராபத்து மிக்க இதய உள்ளுறை அழற்சியை ஏற்படுத்தலாம். எனவே வால்வு நோயுள்ளோர் பற்களைச் சுத்தமாகப் பேணுவதுடன், பல் வைத்தியரிடம் தமது நோயை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். இவர்களுக்குக் காய்ச்சல் நீடிக்குமாயின், பாமசியில் தாமாக மருந்து வாங்கி உட்கொள்வது தவறாகும். அவ்வாறு உட்கொண்டால், இரத்தப் பரிசோதனையில் கிருமி வெளிப்படாது மறைந்துவிடக்கூடும்.

இத்தனைக்கும் மருந்து அரியதொன்றல்ல. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினே இக்கிருமித் தொண்டை நோவுக்கு இன்றும் முதன்மை மருந்தாக விளங்குகின்றது. அது ஒவ்வாதோருக்கு மாற்று மருந்துகளும் உண்டு. வழமையாக 10 நாட்களுக்கு வழங்கப்படும் மாத்திரைகளை, மூன்றாம் நாளில் சுகம் கண்டவுடன் நிறுத்திவிடுவதே பலர் இழைக்கும் தவறாகும். வாதக் காய்ச்சல் ஒருமுறை ஏற்பட்டவர்களுக்கு, மீண்டும் அது வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் ஏற்றப்படல் வேண்டும். பிள்ளை ஓடி விளையாடுகின்றதே என எண்ணிக் கிளினிக் செல்வதைக் கைவிடும் பெற்றோர், அடுத்த தாக்குதலுக்கு வழிவிடுகின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

2018இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைக் கட்டுப்படுத்துமாறு நாடுகளைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானங்கள் பயன்தர வேண்டுமாயின் பெற்றோரும் ஆசிரியரும் விழிப்புடன் இருத்தல் அவசியம். சில நாள் மாத்திரையால் தடுக்கக்கூடிய நோய்க்காக ஒரு பிள்ளை இதய சத்திரசிகிச்சைக்குச் செல்லும் நிலை இனியும் ஏற்படலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.