சாட்சியம் மறுக்கப்பட்டவர்கள்

நமது அரபிக் கல்லூரிகளில் ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதியவர்கள் 'முரூஅத்' என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். வழக்கு மன்றத்தில் ஒருவர் சொல்லும் சாட்சியம் ஏற்கப்பட வேண்டுமானால், அவர் நேர்மையாளராக இருப்பது மட்டும் போதாது. கண்ணியக் குறைவான பழக்கங்கள் இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். இதனையே நமது இமாம்கள் முரூஅத் என்றனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் இதனைக் கெடுப்பவை எவையென எடுத்துக் காட்டுகின்றார்கள். கடைத்தெருவில் உண்பது, தலை திறந்து நடமாடுவது, பிறரைச் சிரிக்க வைக்கும் கதைகளையே ஓயாமல் சொல்லித் திரிவது, சதுரங்கத்தில் மூழ்கிக் கிடப்பது, பாட்டையும் ஆட்டத்தையும் விடாப் பழக்கமாக்கிக் கொள்வது முதலியன அப்பட்டியலில் உள்ளன. பட்டியலின் முடிவில், இவையெல்லாம் ஆளையும் நிலையையும் ஊரையும் பொறுத்து மாறக் கூடியவை என்ற கருத்தையும் இமாமவர்கள் சேர்த்திருக்கின்றார்கள். ஓதிக் கொடுப்போரும் ஓதுவோரும் பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடுவதால், இந்தக் கடைசிக் கருத்து கவனத்தில் தங்குவதில்லை.

மிஸ்ரின் ஷரீஅத் நீதிமன்றங்கள் ஹனஃபி மத்ஹபைத் தழுவியவை. அந்த மத்ஹபின் 'ஹிதாயா'வும், மக்கள் கூடிக் கேட்கப் பாடுபவரின் சாட்சியத்தையும் கூலிக்கு ஒப்பாரி வைப்பவளின் சாட்சியத்தையும் ஏற்பதில்லை. எனவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஹிராவில் நாடக மேடை ஏறியவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்து வந்தது. "எங்கள் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை" என்று அவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பிற்காலத்தில் அவர்களுள் சிலர் தத்தம் வாழ்வை நூலாக எழுதி வைத்தனர். நீதிமன்றம் கேட்க மறுத்த சாட்சியத்தைத் தாளில் பதிந்து வைத்தனர் என்றே அவற்றைக் கருதத் தோன்றுகிறது.

அரபு மொழியில் இன்றைய முறையிலான நாடகம் மிகப் பழமையானதன்று. பைரூத் நகரத்து வணிகர் மாரூன் அந்-நக்காஷ், 1847-ஆம் ஆண்டின் இறுதி வாக்கில் தமது இல்லத்திலேயே நடத்திக் காட்டிய 'அல்-பகீல்' நாடகத்தை முதலாவதாகச் சொல்வார்கள். திமிஷ்கில் அபூ கலீல் அல்-கப்பானி நாடகம் நடத்தினார். அங்குள்ள பெரியவர்கள் சிலர் சுல்தான் அப்துல் ஹமீதிடம் முறையிட்டதால் அவரது கொட்டகை மூடப்பட்டது. 1884-இல் அவர் மிஸ்ருக்குக் குடிபெயர்ந்தார். திமிஷ்கில் அடைத்த கதவு காஹிராவில் திறந்தது.

அந்தக் கதவின் வழியே நுழைந்தவர்களுள் நம் கவனத்துக்கு முதலில் உரியவர் ஷைகு ஸலாமா ஹிஜாஸி. பெயருக்கு முன் நிற்கும் 'ஷைகு' வெறும் அலங்காரமன்று. 1852-இல் அலெக்சாந்திரியாவில் பிறந்து, சிறு வயதில் தந்தையை இழந்து, குர்ஆன் ஓதப் பயின்று, இனிய குரலால் காரியாகவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தினாகவும் பெயர் பெற்றவர் அவர். பின்னரே இசை அரங்குகளுக்கும், அங்கிருந்து 1880-களில் நாடக மேடைக்கும் போனார். மைக்கும் ஒலிபெருக்கியும் இல்லாத காலம். மனாராவின் மேல் நின்று ஊர் முழுதும் கேட்கக் குரலெழுப்பிப் பழகிய நெஞ்சுக்குக் கொட்டகையின் கடைசி வரிசை எம்மாத்திரம்! மக்ரஜ் பிசகாமல் எழுத்துகளை உச்சரிக்கும் பயிற்சியும், மூச்சை அடக்கி நீட்டும் பயிற்சியும் அவருக்கு ஓதுமிடத்தில் கிட்டியவை. அந்தச் செல்வத்தை அவர் கொண்டு போய்ச் செலவிட்ட இடத்தை எண்ணும்போது எனக்கு வருத்தமும் உண்டு, வியப்பும் உண்டு.

மக்கள் அவர் நடிப்பைப் பார்க்க வந்ததாகச் சொல்வதற்கில்லை. பாடலைக் கேட்கவே வந்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' அரபியில் மேடையேறியபோது அதிலும் பாட்டுகள் இடம் பெற்றன. அது மட்டுமன்று, தானியூஸ் அப்துஹு ஆக்கிய அந்த அரபு வடிவில் இளவரசன் இறுதியில் மாள்வதில்லை. உயிரோடிருந்து அரியணை ஏறுகிறான். ஆங்கிலம் கற்றவர்கள் இதைக் கண்டு நகைத்தார்கள். பாடிக்கொண்டிருந்தவரைச் சாக விடுவதற்கு அவையோருக்கு மனமில்லை என்று நான் நினைத்துக் கொள்வதுண்டு. 1905-இல் தமக்கென ஒரு நாடகசாலை கண்ட ஷைகு ஸலாமா, 1909-இல் ஷாம் தேசப் பயணத்தின்போது பக்கவாதத்தால் தாக்குண்டார். ஓரளவு தேறிய பின்னர் மீண்டும் மேடையேறினார். 1914-இல் ஜார்ஜ் அப்யளின் குழுவோடு தம் குழுவை இணைத்துக் கொண்டார். 1917-இல் மறைந்தார்.

அப்யளின் வழி வேறு. கிதேவ் அப்பாஸின் ஆதரவில் 1904-இல் பாரிஸுக்குச் சென்று நடிப்பையே கல்வியாகக் கற்று 1910-இல் திரும்பியவர் அவர். பாட்டில்லாத நாடகம் என்பதை மிஸ்ரியர் அவரிடத்தில்தான் நன்கு கண்டனர்.

நடிப்புத் தொழிலுக்குக் கண்ணியம் தேட வெளிப்படையாகவே முயன்றவர் யூசுஃப் வஹ்பி. ஃபய்யூமில் 1898-இல் பிறந்தவர். தந்தையார் நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர், பாஷா பட்டம் பெற்றவர். அத்தகைய குடும்பத்துப் பிள்ளை கூத்தாடப் போவதை வீட்டார் பொறுக்கவில்லை. பிள்ளை இத்தாலிக்குப் போய் நடிப்புப் பயின்றார். தந்தை காலமான பின் கிடைத்த வாரிசுச் சொத்தைக் கொண்டு 1923 மார்ச்சில் 'ரம்ஸீஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார். குறித்த நேரத்தில் திரை உயர வேண்டும், நாடகம் நடக்கும்போது அரங்கில் புகை பிடிக்கலாகாது என்பன போன்ற ஒழுங்குகளை அவர் கடுமையாக நடைமுறைப் படுத்தினார். காப்பிக் கடைபோல் இரைச்சலிட்ட கொட்டகைகளுக்கு அது புதிது. 'ஆயிரம் ஆண்டு வாழ்ந்தேன்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு பல பாகங்களாக வந்துள்ளது. தற்புகழ்ச்சிக்கு அதில் பஞ்சமில்லை. ஆயினும் தந்தையின் மானத்துக்கும் தன் ஆசைக்கும் இடையே கிடந்து அல்லாடிய ஒரு மகனை அதில் காணலாம்.

அதே வஹ்பிக்கு 1926-இல் ஒரு பெரும் சோதனை வந்தது. துருக்கியரான விதாத் ஓர்ஃபி வழியாக, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வேடத்தில் திரைப்படத்தில் தோன்றும் அழைப்பு வந்தது. அவரும் முதலில் இசைந்தார். செய்தி பரவியதும் அல்-அஸ்ஹர் உலமாக்கள் கொதித்தெழுந்தனர். குடியுரிமை பறிக்கப்படும் என்று மன்னர் ஃபுஆத் எச்சரித்தார். வஹ்பி பத்திரிகை வாயிலாகத் தம் விலகலை அறிவித்து ஒதுங்கினார். அரபு, முஸ்லிம் நாடுகளில் நபிமார்களைத் திரையில் உருவப்படுத்தலாகாது என்னும் வரம்பு உறுதிப்பட இந்நிகழ்ச்சி ஒரு காரணமாயிற்று. உலமாக்கள் செய்தது முற்றிலும் சரி. அதில் எனக்கு ஐயமில்லை. கண்ணியத்தைத் தேடி அலைந்த கலைஞனுக்கு, தன் முகம் எங்கே போகக் கூடாது என்பதை அறிவதும் கண்ணியத்தில் சேர்ந்ததே.

சிரிக்க வைப்பவரைப் பற்றி மின்ஹாஜ் சொன்னதை முன்னர் பார்த்தோம். அப்படிப் பிறரைச் சிரிக்க வைத்தே புகழ் பெற்றவர் நஜீப் அர்-ரீஹானி. 1889-இல் பிறந்த இவர் கிறிஸ்தவர். வேளாண் வங்கியில் எழுத்தர் வேலை, அது போயிற்று. மேல் மிஸ்ரின் நஜ்உ ஹம்மாதியில் சர்க்கரை ஆலை வேலை, அதுவும் போயிற்று. 1916 வாக்கில் அவர் படைத்த 'கிஷ்கிஷ் பே' என்னும் கிராமத்துத் தலைவர், பருத்தி விற்ற காசைக் கையில் பிடித்துக்கொண்டு காஹிராவுக்கு வந்து ஏமாறிப் போகும் மனிதர். ஊரே சிரித்தது. ரீஹானியின் தாயாருக்கு மகனின் தொழில் அவமானமாகவே இருந்தது. ஒரு நாள் டிராமில் உடன் வந்தவர்கள் மகனைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்ட அந்த அம்மையார், "நான்தான் அவன் தாய்" என்று அறிவித்துக் கொண்டார்களாம். ரீஹானியின் நினைவுக் குறிப்புகளில் இப்பகுதியைச் சிரிக்காமலும் கண் கலங்காமலும் படிப்பது அரிது.

ஆனால் அவருக்கு உள்ளூர ஓர் ஏக்கம் இருந்தது: சோக நாடகத்தில் நடிக்க வேண்டும் என்பது. 1926-இல் அதற்கெனவே குழு அமைத்தார். ஆதரவின்றி அது கலைந்தது. மக்கள் அவரிடம் சிரிப்பையே கேட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை நமது நாட்டிலேயே உண்டு. பெஷாவரில் 1922-இல் ஒரு பழ வணிகரின் மகனாகப் பிறந்த யூசுஃப் கான், தந்தைக்குத் தெரியாமல் நடிக்க வந்து, 'திலீப் குமார்' என்ற பெயருக்குள் மறைந்து கொண்டவர். 2014-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் இதைச் சொல்கிறார். சோக வேடங்களையே தொடர்ந்து ஏற்றதால் மனம் சோர்ந்தபோது, வேடிக்கை கலந்த வேடங்களை ஏற்குமாறு மனநல மருத்துவர் ஆலோசனை சொன்னார். அதன்பின் அவர் ஏற்ற படங்களுள் 'ஆஸாத்' (1955) ஒன்று. அது நம் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில், 'மலைக்கள்ளன்' எடுத்த ஸ்ரீராமுலு நாயுடு இந்தியில் எடுத்த படம். அழுது காட்டுவதும் சிரித்துக் காட்டுவதும் நடிப்புத்தான் என்று நாம் எளிதாகச் சொல்லி விடுகிறோம். பொய்யாக அழுத கண்ணுக்குள் மெய்யாகவே துயரம் புகுந்து கொள்வதை இத்தகைய நூல்கள்தாம் சொல்கின்றன. 2021-இல் அவர் காலமானார்.

மீண்டும் காஹிராவுக்கு வருவோம். இவர்கள் எல்லோருடைய நினைவுகளிலும் என் உள்ளத்தை மிகுதியும் தொட்டது ஒரு பெண்மணியின் நூல். ஃபாத்திமா அல்-யூசுஃப், லெபனானின் திரிபோலி நகரில் ஒரு முஸ்லிமின் மகளாகப் பிறந்தார். பிறந்ததும் தாயை இழந்து, கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் 'ரோஸ்' என்ற பெயரில் வளர்ந்தார். தாம் முஸ்லிம் என்பதும் தம் பெயர் ஃபாத்திமா என்பதும் சற்று வளர்ந்த பின்னரே அவருக்குத் தெரிய வந்தன. அமெரிக்கக் கண்டத்துக்குப் போகும் கப்பலில் அவரை அழைத்துச் சென்றபோது, கப்பல் அலெக்சாந்திரியாவில் நின்றது. சிறுமி இறங்கிப் போய்விட்டாள். அஸீஸ் ஈதின் நாடகக் குழுவில் அடைக்கலம் கிடைத்தது. ஒரு நாடகத்தில் மூதாட்டி வேடம் ஏற்க நடிகையர் எவரும் முன்வரவில்லை. தங்கள் இளமைக்கு இழுக்கு என்று எண்ணினர். பதின் வயதுச் சிறுமியான ரோஸ் அந்தப் பாட்டி வேடத்தை ஏற்றார். அவரது புகழ் அங்கிருந்து தொடங்கியது. பின்னர் ரம்ஸீஸ் குழுவின் முதன்மை நடிகையானார்.

1925-இல் வஹ்பியோடு மனம் வேறுபட்டு மேடையை விட்டு விலகிய அவர், அதே ஆண்டு அக்டோபரில் ஓர் இதழைத் தொடங்கினார். நடிகையின் பெயரில் இதழா என்று நண்பர்களே தயங்கியும், 'ரோஸ் அல்-யூசுஃப்' என்று தம் பெயரையே அதற்குச் சூட்டினார். கலை இதழாகத் தொடங்கி, விரைவிலேயே ஆட்சியாளர்கள் அஞ்சும் அரசியல் இதழாக அது வளர்ந்தது. அப்பாஸ் அல்-அக்காத் போன்ற பேரறிஞர்கள் அவரது ஏடுகளில் எழுதினர். அவரது 'திக்ரயாத்' 1953-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார்.

அவர் மணந்தவர் முஹம்மத் அப்துல் குத்தூஸ். பொறியாளராய் இருந்து நடிகரானவர். இவருடைய தந்தையார் ஷைகு அஹ்மத் ரிள்வான், அல்-அஸ்ஹரில் ஓதியவர். ஷரீஅத் நீதிமன்றத்தில் எழுத்தர்களின் தலைவராகப் பணியாற்றியவர். சாட்சிகளின் பெயர்களைப் பதியும் அலுவலகம் அவருடையது. தம் மகன், சாட்சியம் ஏற்கப்படாத ஒரு தொழிலைச் சேர்ந்த பெண்ணை மணந்ததை அவர் எப்படித் தாங்கியிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். மகனை வீட்டை விட்டு விலக்கினார். ஆனால் 1919-இல் பேரன் இஹ்ஸான் பிறந்து, பெற்றோரும் பிரிந்தபின், அந்தப் பேரனை வளர்த்தவர் அதே ஷைகுதான்.

நீதிமன்றங்களின் கதை விரைவாகவே முடிந்தது. ரோஸ் பின்னர் மணந்த ஸகி துலைமாத் 1930-இல் தொடங்கிய நடிப்புக் கல்விக்கூடத்தை, ஆணும் பெண்ணும் கலந்து பயில்கின்றனர் என்று கூறி மறு ஆண்டே அரசு மூடியது. 1944-இல் மீண்டும் திறந்தது. தனி ஷரீஅத் நீதிமன்றங்கள் 1956 முதல் பொது நீதிமன்றங்களோடு இணைக்கப்பட்டன. ரம்ஸீஸ் குழுவில் சிறுமியாகச் சேர்ந்த அமீனா ரிஸ்க், 1991-இல் மிஸ்ரின் ஷூரா சபை உறுப்பினராகவே நியமிக்கப்பட்டார்.

இஹ்ஸான் அப்துல் குத்தூஸ் பிற்காலத்தில் பெயர்பெற்ற நாவலாசிரியரானார். பாட்டனார் வீட்டில் உலமாக்கள் கூடி மார்க்கம் பேசுவார்கள். தாயார் வீட்டில் நடிகரும் கவிஞரும் கூடி அரசியலும் கலையும் பேசுவார்கள். ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் தலை சுற்றியதாக அவர் எழுதியிருக்கிறார். 1945-இல் பிரிட்டிஷ் தூதரைக் கண்டித்துத் தாயாரின் இதழில் ஒரு கட்டுரை வரைந்தார், அதற்காகச் சிறைப்பட்டார். வெளியே வந்த மகனிடம் அந்தத் தாய் இதழின் ஆசிரியர் பொறுப்பை ஒப்படைத்தார்.